டாட்ஜ் சிட்டியில் குரைக்கும் நாய்

கதவு திறக்கிறது. பூட்ஸ் கால்கள் பலகை நடைபாதையில் இறங்குகின்றன. அடிக்கு அடி குதிமுள் கிணுங்குகிறது. சந்துக்குள் பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடுகிறார்கள். அடுத்த தெருவில் ஒரு நாய் குரைக்கிறது. பேச்சு இல்லை, பின்னணி இசையும் இல்லை. நடப்பவர் தெருவைக் கடந்து, படியேறி, இன்னொரு கதவைத் தள்ளும்வரை நாமும் கூடவே நடக்கிறோம்.

வானொலி நாடகங்களுக்கு ஒலி சேர்த்துப் பிழைத்தவன் நான். எங்கள் தொழிலில் மௌனம் என்றால் எல்லோருக்கும் பயம். நாலு நொடி யாரும் பேசாவிட்டால், "என்னாச்சு, லைன் போச்சா?" என்று போன் அடிக்கும். அப்படிப்பட்ட ஊடகத்தில், 1952இல், அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் சிலர் ஒரு மனிதரைப் பேசாமல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க விட்டார்கள். நாடகத் தொடரின் பெயர் ‘கன்ஸ்மோக்’. நடப்பவர் மேட் டில்லன் என்ற மார்ஷல், சட்டத்தைக் காப்பவர். ஊர், கான்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி. காலம், 1870கள்.

என் தம்பி மகனுக்கு ஒரு அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியில் இயர்போனைக் கழற்றிவிட்டு, "பெரியப்பா, அந்த நாய் எதுக்குக் குரைக்குது? கதையில அது வரவே இல்லையே?" என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முகமூடிக்காரர் காலம்

குதிரையேறி வந்து சட்டத்தை நிலைநாட்டுபவர்கள் அமெரிக்க வானொலிக்குப் புதியவர்கள் அல்ல. டெட்ராய்ட் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் 1933 ஜனவரியில் ‘லோன் ரேஞ்சர்’ தொடங்கியது. நிலையத்தை நடத்தியவர் ஜார்ஜ் டிரெண்டில். எழுதிக் குவித்தவர் ஃபிரான் ஸ்டிரைக்கர். கொள்ளைக்கூட்டம் பதுங்கியிருந்து சுட்டதில், டெக்சஸ் மாநிலக் காவலர்களான ரேஞ்சர்கள் எல்லோரும் விழ, ஒருவன் மட்டும் பிழைக்கிறான். முகமூடி போட்டுக்கொண்டு, டாண்டோ என்ற பூர்வகுடித் தோழனோடு ஊர் ஊராகப் போய் அநியாயம் செய்பவர்களைப் பிடிக்கிறான். வெள்ளிக் குண்டு, வெள்ளைக் குதிரை, ரோசினியின் ‘வில்லியம் டெல்’ இசை. சுடுவான், ஆனால் கொல்ல மாட்டான்.

அந்தத் தொடரைப் பற்றி ஒலித் தொழிலில் இருப்பவர்கள் ரசிக்கும் சம்பவம் ஒன்று உண்டு. நாயகனாகக் குரல் கொடுத்த ஏர்ல் கிரேசர் 1941 ஏப்ரலில் கார் விபத்தில் இறந்துபோனார். அடுத்து வந்த பிரேஸ் பீமரின் குரல் வேறு மாதிரி. எழுத்தாளர்கள் நாயகனைப் பலத்த காயப்பட வைத்தார்கள். சில அத்தியாயங்களுக்கு அவனால் முனகத்தான் முடிந்தது. உடம்பு தேறி அவன் வாய் திறந்தபோது பீமரின் குரல் வந்தது, நேயர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

1950இல் என்பிசி வானொலியில் ‘டேல்ஸ் ஆஃப் தி டெக்சஸ் ரேஞ்சர்ஸ்’ வந்தது. சினிமா நடிகர் ஜோயல் மெக்ரே, ஜேஸ் பியர்சன் என்ற ரேஞ்சராக நடித்தார். ரேஞ்சர் படையின் உண்மை வழக்குகளிலிருந்து எடுத்த கதைகள். இவர் காரில் போவார்; பின்னால் கட்டிய வண்டியில் சார்க்கோல் என்ற குதிரையும் வரும். கார் போகாத இடத்தில் குதிரை. கதை முடிந்ததும் குற்றவாளிக்குக் கிடைத்த தண்டனையை வாசிப்பார்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ரேஞ்சர் என்பவர் யாரென்று நான் விளக்க வேண்டியதில்லை. இத்தாலியில் 1948இல் பிறந்த அந்தக் கதாநாயகனும் டெக்சஸ் ரேஞ்சர்தான்.

இவர்கள் யாரும் தப்பு செய்வதில்லை. முப்பது நிமிடம் முடியும்போது அநியாயம் அடங்கியிருக்கும். வானொலியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

துப்பறிவாளரைக் குதிரையேற்றியபோது

சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலிக்கு வேறொன்று தேவைப்பட்டது. ஃபிலிப் மார்லோ என்ற துப்பறிவாளரின் கதைகள் அவருடைய வானொலியில் ஓடிக்கொண்டிருந்தன: இரவு நேர நகரம், களைத்துப்போன மனிதர், தன் கதையைத் தானே சொல்லும் குரல். அதேபோல் ஒருவரை மேற்குச் சமவெளியில் கொண்டுபோய் வைத்தால் என்ன? 1949இல் ஒரே கதையை இரண்டு நடிகர்களை வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்து பார்த்தார்கள். பிடித்துப்போன நடிகர் ஹோவர்ட் கல்வருக்கு ‘ஸ்ட்ரெய்ட் ஆரோ’ என்ற இன்னொரு மேற்கத்தியத் தொடரோடு ஒப்பந்தம் இருந்தது. திட்டம் கிடப்பில் போனது.

அதைத் தூசி தட்டி எடுத்தவர்கள் இருவர். ஒருவர் இயக்குநர் நார்மன் மெக்டொனல். மார்லோ தொடரை இயக்கியவரே இவர்தான். மற்றவர் கொலராடோவில் பிறந்த எழுத்தாளர் ஜான் மெஸ்டன். குற்றம் குறையில்லாத குதிரை வீரன் இருவருக்குமே அலுத்துப்போயிருந்தான். 1952 ஏப்ரல் 26 அன்று ‘பில்லி தி கிட்’ என்ற கதையோடு கன்ஸ்மோக் தொடங்கியது.

டில்லனாக வில்லியம் கான்ராட். எல்லா நாடகத்திலும் கேட்டுப் புளித்த குரல் என்று நிர்வாகம் முதலில் தயங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து எழும்பி வருவது போன்ற குரல் அது. உதவியாள் செஸ்டராக பார்லி பேர்; செஸ்டருக்கு ‘வெஸ்லி பிரவுட்ஃபுட்’ என்ற முழுப்பெயர் அவர் ஒருநாள் வாய்க்கு வந்தபடி சொல்லி ஒட்டிக்கொண்டது. டாக்டராக ஹோவர்ட் மெக்நியர். ஆரம்பத்தில் இந்த டாக்டர், பிணம் விழுந்தால் பரிசோதனைக் கட்டணம் கிடைக்குமே என்று கையைத் தேய்த்துக்கொண்டு வருவார். அதனால், சாவை வைத்து நகைச்சுவைச் சித்திரம் போட்ட சார்லஸ் ஆடம்ஸின் பெயரையே அவருக்கு வைத்தார் கான்ராட். மதுக்கடைப் பெண் கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ். ஆணும் பெண்ணுமாக அந்தக் கடையில் என்ன வியாபாரம் நடந்தது என்பதை நாடகம் வாய்விட்டுச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை.

மூன்று பேர் கட்டிய ஊர்

இப்போது நாய்க்கு வருகிறேன். டாம் ஹான்லி, ரே கெம்ப்பர், பில் ஜேம்ஸ் ஆகியோர்தான் கன்ஸ்மோக்கின் ஒலிக் கலைஞர்கள். அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், எழுத்துப்பிரதியில் ‘கதவு’ என்றிருந்தால் கதவுச் சத்தம், ‘குதிரை’ என்றிருந்தால் குளம்படிச் சத்தம். கொட்டாங்குச்சி இரண்டை எடுத்துச் சரளைத் தட்டில் தட்டினால் குதிரை ஓடும். செலோஃபேன் தாளைக் கசக்கினால் அடுப்பு எரியும். உலகத்தில் எந்த நாடக ஸ்டூடியோவுக்குப் போனாலும் இந்த வித்தை ஒன்றுதான். நானும் அப்படித்தான் செய்தேன். கேட்டதைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

இந்த மூவரும் கேட்காததையும் கொடுத்தார்கள். மதுக்கடையில் டில்லன் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசையில் யாரோ இருவர் வேறு எதையோ பேசுகிறார்கள். வார்த்தை பிடிபடாது, பேச்சு மட்டும் காதில் விழும். சமவெளியில் குதிரை நின்றால் சேணத்தின் தோல் முறுகுகிறது. ஒருவர் மண்ணிலிருந்து பலகையில் ஏறினால் காலடி மாறுகிறது. ஒலிகள் அடுக்கடுக்காக, கிட்டத்தில் ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாக நிற்கின்றன. அந்தத் தூரத்தில் நிற்பதுதான் நாய். கதையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அங்கே ஓர் ஊர் இருக்கிறது, அதில் மார்ஷலுக்குச் சம்பந்தமில்லாத வீடுகள் இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் அது குரைக்கிறது.

நாடகங்களில் துப்பாக்கி வெடிப்பது எளிது. பொம்மைத் துப்பாக்கியாலும் வெடிக்க வைக்கலாம். சத்தம் கேட்ட மாத்திரத்தில் இசை எழும்பும், நாம் கைதட்டத் தயாராகிவிடுவோம். கன்ஸ்மோக்கில் வெடிச்சத்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் இசை வருவதில்லை. உடம்பு பலகையில் விழுகிறது. ஒரு மூச்சு. யாரோ ஓடி வரும் காலடி. கான்ராட் பெருமூச்சு விட்டு ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறார். அதில் வெற்றி இல்லை. சற்றுமுன்வரை உயிரோடு நடமாடிய ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தோம் அல்லவா? அதிலிருந்து ஓர் ஆள் குறைந்துவிட்டான் என்று காதுக்கு உறைக்கிறது. ஊர் காதில் விழாவிட்டால் இந்தச் சாவும் உறைக்காது. தம்பி மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இந்தக் கலைஞர்கள் ஒலியோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் ஹான்லியும் கெம்ப்பரும் கதைகளும் எழுதினார்கள். கதை எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

முடிவில் தீராத கதைகள்

1952 டிசம்பரில் வந்த ‘தி கேபின்’ என்ற கதை. பனிப்புயலில் சிக்கிய டில்லன் ஒரு தனி வீட்டில் ஒதுங்குகிறார். அங்கே இரண்டு கொள்ளையர்கள் ஓர் இளம்பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார்கள். டில்லன் அவர்களைச் சுட்டுக் கொல்கிறார். லோன் ரேஞ்சராக இருந்தால் இத்துடன் நன்றி சொல்லிக் கையசைப்பார்கள். இங்கே விடிந்த பிறகுதான் கதை கனக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பது நமக்குப் புரிகிறது. இனி அவள் எங்கே போவாள் என்பதும் புரிகிறது. மனம் கசந்துவிடாதே, நல்லவர்களும் இருக்கிறார்கள் என்கிறார் டில்லன். அவள் நம்பவில்லை. அவளை நம்ப வைக்க அவரிடம் எதுவும் இல்லை. ஒரு மார்ஷலால் இரண்டு பேரைக் கொல்ல முடிந்தது. ஒருத்தியைத் தேற்ற முடியவில்லை.

அதற்கு முந்தைய மாதம் வந்த ‘கிட்டி’ கதையில் துப்பாக்கிக்கு வேலை குறைவு. டில்லன் கிட்டியை ஊர் நடன விழாவுக்கு அழைத்துப் போகிறார். ஊரின் மரியாதைக்குரிய பெண்மணிகள் அவளை ஒதுக்குகிறார்கள். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு இல்லை. மார்ஷல் கையைப் பிசைகிறார்.

குறைகளும் உண்டு. பூர்வகுடிகளின் பாத்திரங்களில் வெள்ளையர்களே நடித்தார்கள், டாண்டோவும் அப்படித்தான். மாடு ஓட்டி வந்தவர்களில் கறுப்பினத்தவர்கள் ஏராளம் இருந்தும், அவர்கள் குரல் இந்த டாட்ஜ் சிட்டியில் அரிதாகவே கேட்கிறது. எல்லாவற்றையும் பதிவு செய்த காதுகளுக்கும் கேட்காமல் போன ஆட்கள் இருந்தார்கள்.

மேட் டில்லன் கற்பனை, ஊர் நிஜம். ஆர்கன்சா ஆற்றங்கரையில் 1872இல் ரயில் வந்த சமயத்தில் எழும்பிய ஊர் டாட்ஜ் சிட்டி. டெக்சஸிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டி வந்தவர்கள் இங்கே விற்றுவிட்டுக் கையில் காசோடு குடிக்க உட்கார்ந்தார்கள். ரயில் பாதைக்கு வடக்கே துப்பாக்கி கொண்டு போகக் கூடாது என்று நகர விதி இருந்தது. ஆகவே நிஜ மார்ஷலின் அன்றாட வேலை, குடிபோதையில் இருப்பவனிடமிருந்து துப்பாக்கியை வாங்குவது. 1878 ஏப்ரலில் எட் மாஸ்டர்சன் என்ற மார்ஷல் அந்த வேலையைச் செய்யும்போதுதான் சுடப்பட்டு இறந்தார். மெஸ்டனின் கதைகளிலும் இப்படிச் சில்லறைச் சண்டையில்தான் உயிர் போகிறது.

முகம் கேட்ட காலம்

1955 செப்டம்பரில் கன்ஸ்மோக் தொலைக்காட்சிக்குப் போனது. வானொலிக் கலைஞர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். கான்ராட் குட்டையானவர், பருத்த உடம்பு. குரலில் ஆறடி உயரம் இருந்தால் வானொலிக்குப் போதும். திரைக்கு நிஜ உயரம் வேண்டுமாம். நெட்டையான ஜேம்ஸ் ஆர்னஸ் டில்லன் ஆனார். தொலைக்காட்சித் தொடர் 1975 வரை 635 அத்தியாயங்கள் ஓடியது. மெஸ்டனின் வானொலிக் கதைகள் பலவற்றைத்தான் அதன் முதல் வருஷங்களில் படமாக்கினார்கள். அங்கே செஸ்டர் ஒரு காலைச் சாய்த்து நடந்தார்; பார்வைக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

வானொலிக் குழு மனம் தளர்ந்துவிடவில்லை. தொலைக்காட்சி ஓடிய அதே காலத்தில் இன்னும் ஆறு வருஷம், மேரியன் கிளார்க் போன்ற புதிய எழுத்தாளர்களோடு தொடர்ந்து நாடகம் போட்டது. 1961 ஜூன் 18 அன்று நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரோடு சிபிஎஸ்ஸில் அப்போது எஞ்சியிருந்த நாடகத் தொடர்களும் முடிந்தன. கான்ராட் பிற்பாடு ‘கேனன்’ தொலைக்காட்சித் தொடரில் பருமனான துப்பறிவாளராக நாயக வேடம் போட்டது அவருக்குக் கிடைத்த நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

சுமார் 480 அத்தியாயங்கள் ஒலிபரப்பாயின. டேப்பில் பதிவு செய்த தொடர் என்பதால் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்து, இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. ஆங்கிலம் கொஞ்சம் பழகிய காது இருந்தால் போதும். கான்ராட் அவசரப்பட்டுப் பேசுபவர் அல்ல. ‘கிட்டி’யில் தொடங்குங்கள், பிறகு ‘தி கேபின்’. வண்டி ஓட்டிக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ கேட்க வேண்டாம், இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை கதையைக் கேளுங்கள். இரண்டாம் தடவை, பேசுகிறவர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் என்னென்ன நடக்கிறது என்று கேளுங்கள். சம்பளம் அந்த வேலைக்கும்தான் கொடுத்தார்கள்.