எந்த மீனுக்கு எந்தத் தங்கூசி?

"காக்கா, நீங்க தந்த தங்கூசி பஞ்சு மாதிரிப் போயிற்று" என்று சொல்லி அறுந்த நூலை என் மேசையில் போட்டார் ஒரு தம்பி. சாய்ந்தமருதுக் கரையிலிருந்து படகில் போகிறவர். இழுவைத் தூண்டிலில் நல்ல அறுக்குளா ஒன்று பட்டதாம். படகுக்குக் கிட்ட வந்த நேரம் நூல் அறுந்து மீன் போய்விட்டது. நூலின் விலை சில நூறு ரூபாய்தான். போன மீனின் விலை அதைப் போல் பல மடங்கு.

நூலைக் கையில் எடுத்து ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தேன். சத்தமே இல்லாமல் அறுந்தது. மேலே வெள்ளை படிந்து, மினுக்கம் போயிருந்தது. குற்றம் கம்பனியுடையது அல்ல, என்னுடையது. வருகிறவர் கண்ணில் படட்டும் என்று கடை வாசலில் வெயிலில் மாதக்கணக்கில் தொங்கவிட்டிருந்த கட்டிலிருந்து வெட்டிக் கொடுத்த நூல் அது. வெயில் நைலோனைத் தின்றுவிடும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீனை எப்படிக் கொடுப்பது?

எமது கரையோரக் கடைகளில் தூண்டில் நூல் ஒரு சில்லறைச் சாமான். சீமெந்துக்கும் பெயின்ற்றுக்கும் நடுவில் ஒரு மூலையில் கிடக்கும். "நூல் ஒன்று தாங்க" என்றால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்போம். நானும் அப்படித்தான் விற்றேன். இப்போது இரண்டு கேள்வி கேட்காமல் கொடுப்பதில்லை. எங்கே போடப் போகிறீர்கள்? கையால் இழுப்பதா, ரீலிலா?

கையால் இழுப்பவருக்கு நைலோன் தங்கூசிதான். இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். மீன் திடீரென்று பாயும்போது அந்த நீட்சி அடியைத் தாங்கிக் கொள்ளும். விலையும் குறைவு. கிட்டங்கியிலோ கோமாரிக் களப்பிலோ சிறு மீனுக்குப் போடுபவருக்கு மெல்லியது போதும். பாரில் கலவாய்க்கும் விளைமீனுக்கும் போகிறவருக்கு மொத்தமானது வேண்டும். கலவாய் முள்ளில் பட்டதும் கல்லுக்குள் ஓடும், நூல் கல்லில் உரசும்.

இப்போது இளைஞர்கள் வந்து கேட்பது பின்னல் நூல். டைனீமா போன்ற பொலித்தீன் இழைகளால் பின்னியது. அதே பாரத்தைத் தாங்கும் நைலோனின் ஏறக்குறைய பாதிப் பருமன்தான் இருக்கும். நீளாது, தண்ணீரைக் குடிக்காது. ஆழத்தில் மீன் தொட்டாலும் மேலே தெரியும். மெல்லியது என்பதால் நீரோட்டமும் அதிகம் இழுக்காது. ரீல் வைத்து ஆழத்தில் போடுபவருக்கு அருமையான சாமான். ஆனால் கையால் இழுப்பவருக்குக் கொடுத்தால் விரலை அறுத்துவிடும். கல்லில் உரசினாலும் விரைவில் போய்விடும். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அங்கேயுள்ள அலைத்தடுப்பு மாதிரியான கற்களில் நின்று எறிகிறவர் பின்னல் நூலை மட்டும் நம்பக் கூடாது, நுனியில் இரண்டு பாகம் மொத்த நைலோன் கட்ட வேண்டும். பின்னல் நூல் வழுக்கும், சாதாரண முடிச்சு கழன்றுவிடும். நூலை இரட்டையாக மடித்து முள்ளின் காதுக்குள் விட்டு முடிய வேண்டும். எந்த நூலானாலும் முடிச்சை இறுக்குமுன் நனைக்கச் சொல்லுங்கள். காய்ந்த முடிச்சு உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் குறையும்.

புளோரோகாபன் என்பது ஜப்பானின் குரேஹா கம்பனி 1971இல் கொண்டுவந்த நூல். தண்ணீருக்குள் நைலோனை விடக் குறைவாகத் தெரியும், வேகமாகத் தாழும், உரசலையும் தாங்கும். விலைதான் கூட. முழு உருளை கேட்டு வரும் பிள்ளைகளிடம் தெளிந்த தண்ணீரில் நுனிக்கு மட்டும் கட்டினால் போதும் என்று சொல்கிறேன். அன்றைய இலாபம் குறையும்தான்.

அறுக்குளாவுக்கும் சீலாவுக்கும் எந்த நூலும் சரிவராது, பல் கத்தி மாதிரி. முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி போட வேண்டும். அந்தத் தம்பியின் தூண்டிலில் கம்பி இருந்தது. நூல் அறுந்தது அதற்கு மேலே. அதனால்தான் என்னால் மீனின் பல்லில் பழி போட முடியவில்லை.

லேபலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு உருளையில் மில்லிமீற்றர் இருக்கும், இன்னொன்றில் இறாத்தல், மற்றொன்றில் கிலோ. ஒரே வகை நூலில் பருமன் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்காகும். 0.40 மில்லிமீற்றருக்கும் 0.50க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பலத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். நைலோன் தண்ணீரைக் குடித்தால் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். லேபலில் உள்ளது காய்ந்த நூலின் கணக்கென்றால் கடலில் அது கிடைக்காது. நான் பழைய மைக்ரோமீற்றர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். புதுச் சரக்கு வந்தால் அளந்து பார்ப்பேன். லேபலுக்கும் நூலுக்கும் சம்பந்தமில்லாத உருளைகளும் வந்திருக்கின்றன.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிச் சாமானான நூலும் அதோடு ஏறியது. மலிவுச் சரக்குக்கு நாமும் கை நீட்டினோம். பழைய இருப்பைத் தூசி தட்டி விற்றோம். என் வாசலில் தொங்கிய கட்டும் அந்தக் காலத்து இருப்புத்தான்.

ஒரு விடயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், சிலர் பயந்து நூலையே வைப்பதில்லை. 2006ஆம் ஆண்டு விதிமுறைப்படி தடை தங்கூசி வலைக்குத்தான், தூண்டில் நூலுக்கு அல்ல.

இப்போது வாசலில் வெறும் உருளையைத்தான் தொங்கவிடுகிறேன். சரக்கு உள்ளே, இருட்டான அலுமாரியில். ஒவ்வொன்றிலும் வந்த மாதத்தை மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன். அந்தத் தம்பி இன்னமும் என்னிடந்தான் வாங்குகிறார். முதலில் ஒரு பாகம் உருவி, முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார். வெட்டிய அந்தப் பாகத்துக்கு நான் காசு கேட்பதில்லை.