எஞ்சின் அறையில் இரவு வெளிச்சம்

தில்லிவாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சொந்த ஊர் வண்டி போன்றது. 1976 முதல் ஓடிவரும் இவ்வண்டி புது தில்லியை விட்டு இரவில் புறப்படுகிறது. கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு, விளக்கணைத்து நாம் உறங்கிவிடுகிறோம். முன்னே எஞ்சின் அறையில் இருவர் விழித்திருக்கின்றனர். அவ்வறையின் விளக்கை இரவில் அணைத்தே வைப்பது வழக்கம். எரியவிட்டால் முன்கண்ணாடியில் அவர்தம் முகம் தெரியுமேயன்றி இருப்புப்பாதை தெரியாது. நாம் ரயில்வேயில் பேனா பிடிக்கும் குமாஸ்தாக்களே. எஞ்சின் ஓட்டுபவர்கள் அல்லோம். எனினும் அவர்கள் கண்ணை நம்பித்தானே நாமும் உறங்குகிறோம்!

நமது விழித்திரையில் இருவகை அணுக்கள் உண்டு. பகலொளிக்கும் நிறத்திற்கும் உரியவை கூம்பணுக்கள். ஏறத்தாழ 60 இலட்சம். மங்கிய ஒளிக்கு உரியவை கோலணுக்கள்; ஏறத்தாழ 12 கோடி. கோலணுக்களில் உள்ள ரோடாப்ஸின் என்னும் நிறமியே இருட்பார்வைக்கு முதல். (அது வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாவது, பாட்டிமார் முருங்கைக்கீரையை வற்புறுத்தியது வீணன்று.) வலிய ஒளி பட்டால் இம்முதல் விரைவில் கரைந்துபோகிறது. திரும்பவும் முழுதாகச் சேர்வதற்கோ சுமார் 30 நிமிஷம் வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அதற்குள் 55 கிலோமீட்டர் கடந்துவிடும். தலைவிளக்கின் ஒளி நன்கு எட்டாத தொலைவில் மாடோ மனிதரோ நின்றால் என் செய்வது?

முள் வைத்த மானிகளும் சிறு விளக்குகளும் இருந்தவரை இத்தொல்லை பெரிதாக இல்லை. 1990களின் நடுவில் வெளிநாட்டிலிருந்து வந்த டபிள்யூ.ஏ.பி.5 எஞ்சின்கள் கம்ப்யூட்டர் திரையையும் கொண்டுவந்தன. 2020-இல் தேசியப் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்ட 'கவச்' மற்றொரு திரையைச் சேர்க்கிறது. வண்டியின் வேகத்தையும் அடுத்த சிக்னலின் நிலையையும் அது காட்டுகிறது. நன்மையான ஏற்பாடே. ஆயின் விபத்தைத் தடுக்க வைத்த திரை, வெளியே பார்க்கும் கண்ணை மழுங்கச் செய்யலாகாது.

திரையைச் சிவப்பாக்கினால் போதாதா என்று அன்பர்கள் கேட்கலாம். கோலணுக்கள் சிவப்பொளியைப் பெரும்பாலும் உணர்வதில்லை என்பது மெய்யே. 1916-இல் ட்ரெண்டலன்பர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர், எக்ஸ்ரே மருத்துவர்கள் இருட்டறைக்குச் செல்லுமுன் அணியச் சிவப்புக் கண்ணாடியை வகுத்தார். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களும் சிவப்பு விளக்கையே நாடின. ஆனால் ரயிலில் சிவப்பு அபாயத்தின் நிறம். திரை முழுதும் சிவந்திருந்தால் அபாயக் குறி எங்ஙனம் தனித்துத் தெரியும்? மேலும், நாற்பதைக் கடந்தோர்க்குச் சிவப்பு எழுத்தை அருகில் வைத்துப் படிப்பது கடினம். ஆகவே ஐரோப்பிய ரயில் திரைகளுக்குக் கருமைக்கு நெருங்கிய நீலப் பின்னணியை வகுத்துள்ளனர். கப்பல்களின் மின்வரைபடத் திரைக்குப் பகல், அந்தி, இரவு என மூவகை நிற அமைப்பு உண்டு.

ஒளியைக் குறைக்கும் பொத்தானிலும் ஒரு நுட்பம் உள்ளது. ஒளியைப் பாதியாக்கினாலும் கண்ணுக்குச் சிறிதளவே குறைந்ததாகத் தோன்றும். நூற்றில் ஒரு பங்கு, அதற்கும் கீழே எனக் குறைக்க வழி வேண்டும். திரையின் பிம்பம் முன்கண்ணாடியில் விழாதபடி சாய்வும் மறைப்பும் வேண்டும். கண்ணுக்குப் பதில் காதை நாடுவதும் நல்ல உபாயம். தில்லியின் மார்கழி மூடுபனியில் பயன்படும் கருவி, அடுத்து வரும் சிக்னலைத் திரையில் காட்டுவதோடு குரலாலும் அறிவிக்கிறது.

எவ்வகைத் திரையாயினும், பட்டறையின் பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒப்பமிடாமல், நிலவில்லாத இரவில், ஓடும் எஞ்சினில், அதை ஓட்டுபவரையே அமர்த்திச் சோதிக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.