மரே–டார்லிங் வடிநிலம்: மண்ணும் நீரும் கூறும் வரலாறு

நைல், சிந்து, யூப்பிரட்டீஸ் ஆகிய ஆறுகளை அண்டி மனிதர் வாழ்ந்த வரலாற்றை நம் பிள்ளைகள் பாடசாலையிற் கற்கின்றனர். ஆனால் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் நீரும் மிகத் தொன்மையான மனித வரலாறு கொண்ட ஓர் ஆற்றுத் தொகுதிக்கு உரியது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கன்பரா நகரில் நாம் சமைத்து, குளித்து, துவைத்தபின் வெளியேற்றும் நீர் சுத்திகரிக்கப்பட்டு மொலொங்லோ ஆற்றிற் சேர்கிறது. அங்கிருந்து மரம்பிட்ஜி ஆற்றுக்கும், பின்னர் மரே ஆற்றுக்கும் சென்று, தென் அவுஸ்திரேலியக் கடற்கரையை நோக்கி ஓடுகிறது.

மரே–டார்லிங் வடிநிலம் பத்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்புடையது. அவுஸ்திரேலியாவின் ஏழில் ஒரு பங்கு எனலாம். நான்கு மாநிலங்களிலும் தலைநகர்ப் பிரதேசத்திலும் இது பரந்துள்ளது. இதனுள் அமைந்த மிகப் பெரிய நகரம் நம் கன்பராவே. இந்நாட்டில் விளையும் நெல், திராட்சை, தோடம்பழம் ஆகியவற்றில் பெரும் பகுதி இவ்வடிநிலத்தில் விளைகிறது. இங்கே முற்காலத்தில் எத்தகைய காலநிலை நிலவியது? யாவர் வாழ்ந்தனர்? இவ்வினாக்களுக்குச் சுற்றாடல் ஆய்வும் தொல்பொருள் ஆய்வும் கைகோத்து விடை தந்த இடம் முங்கோ ஏரியாகும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள முங்கோ, இன்று பெயரளவிலேயே ஏரி. பல்லாயிரம் ஆண்டுகளாக அது வறண்டு கிடக்கிறது. பனியூழிக் காலத்திலோ, கிழக்கு மலைகளிலிருந்து லக்லன் ஆற்றின் கிளை வழியாக வந்த நீர் அதனை நிரப்பியது. ஏரி நிறைந்திருந்த காலத்தில் காற்று கரைமணலைக் கிழக்கே குவித்தது. ஏரி வற்றிய காலத்தில் உப்புக் கலந்த களிமண் துகள்களைக் குவித்தது. இவ்வாறு உருவான பிறைவடிவ மணல்மேட்டின் படைகளை, நூலின் ஏடுகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கலாம். எந்தப் படை மணல், எந்தப் படை களிமண் என்று அறிந்தால், ஏரி எப்போது நிறைந்தது, எப்போது வற்றியது என்பதும் புலனாகும்.

1968ஆம் ஆண்டில் ஜிம் பௌலர் என்னும் புவிச்சரிதவியலாளர் இந்த ஏடுகளைப் படிக்கவே அங்கு சென்றார். அவர் தேடியது பண்டைய காலநிலையை. கண்டதோ எரிந்த மனித எலும்புகளை. அவை ஒரு பெண்ணின் எலும்புகள் என ஆய்வில் தெரியவந்தது. அவரது உடல் தகனம் செய்யப்பட்டிருந்தது. உலகில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய தகனம் இதுவே. 1974இல் செங்காவி தூவி அடக்கம் செய்யப்பட்ட ஓர் ஆணின் எலும்புக்கூட்டையும் பௌலர் கண்டார். மணல் மணிகள் இறுதியாகச் சூரிய ஒளியைக் கண்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணிக்கும் முறையினால், இவ்விருவரும் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் என 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. இறந்தவருக்கு முறைப்படி ஈமக்கடன் ஆற்றும் பண்பு அவ்வளவு தொன்மையானது.

அங்குள்ள பழைய அடுப்புகளிற் சிப்பியோடுகளும் மீன்களின் செவிக்கற்களும் கிடைத்துள்ளன. செவிக்கல் என்பது மீனின் தலைக்குள் இருக்கும் சிறு சுண்ணாம்புக் கல். மரத்தைப் போலவே அதிலும் ஆண்டுதோறும் வளையம் வளரும். வளையங்களை எண்ணினால் மீனின் வயது தெரியும். அவற்றின் இரசாயனச் சேர்க்கையை ஆராய்ந்தால் அது நீந்திய நீரின் தன்மை தெரியும். யாரோ ஒரு குடும்பம் சுட்டு உண்ட மீன், அந்த ஏரியின் நிலையை இன்று நமக்கு உரைக்கிறது!

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் கூற வேண்டும். 1969இல் அப்பெண்ணின் எலும்புகள் ஒரு பயணப்பெட்டியில் வைத்துக் கன்பராவுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்நிலத்துக்குரிய பாக்கன்ட்ஜி, நியம்பா, முத்தி முத்தி மக்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. இதனை வகுப்பிற் கூறியபோது, "அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் ஏன் கேட்கவில்லை?" என்று ஒரு சிறுமி வினவினாள். நம் பாட்டன் பாட்டியின் சமாதியை ஒருவர் கேளாமல் தோண்டினால் நாம் பொறுப்போமா? அம்மக்கள் பல்லாண்டுகள் போராடினர். 1992இல் அப்பெண்ணின் எச்சங்கள் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 2017இல் அந்த ஆணும் கன்பராவிலிருந்து தம் மண்ணுக்குத் திரும்பினார். 8,000 ஆண்டுப் பழைமையான செங்கோந்து மரத்தினாற் செய்த பேழை அவருக்கென அமைக்கப்பட்டது. 2022இல் இருவரும் மீண்டும் நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். அறிவைத் தேடுவோர் முதலில் உரியவரிடம் கேட்க வேண்டும் என்பதை ஆய்வுலகம் தாமதமாகவே கற்றது.

முங்கோவுக்கு வடக்கே, பாக்கன்ட்ஜி மக்களின் நிலத்திலுள்ள மெனிண்டியில், 2018ஆம் ஆண்டின் இறுதியிலும் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் டார்லிங் ஆற்றில் இலட்சக்கணக்கான மீன்கள் இறந்து மிதந்தன. ஓட்டமற்ற நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகியது. திடீரெனக் குளிர்ந்தபோது மேல்நீரும் அடிநீரும் கலந்து, நீரில் ஒட்சிசன் அற்றுப்போயிற்று. வறட்சியோடு, மேற்பகுதிகளில் அளவுக்கு மிஞ்சி நீர் எடுக்கப்பட்டதும் காரணமென அவுஸ்திரேலிய அறிவியற் கழகத்தின் குழு 2019இல் எடுத்துரைத்தது. ஆற்றுக்கு நீரை மீட்டுக் கொடுக்கும் நோக்குடன் 2012இல் வடிநிலத் திட்டம் வகுக்கப்பட்டிருந்த போதிலும் இவ்வழிவு நேர்ந்தது. 2023 மார்ச்சில் அங்கே மீண்டும் பெருந்தொகையான மீன்கள் மாண்டன. முங்கோவின் பண்டைய அடுப்புகளிற் காணப்பட்ட அதே இன மீன்களும் 2019இல் இறந்தவற்றுள் அடங்கும்.

முங்கோ ஏரியை வற்றச் செய்தது இயற்கை. டார்லிங் ஆற்றை வாட்டியதில் மனிதருக்கும் பங்குண்டு. இவ்வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும். இந்நாட்டில் விளையும் நெல்லில் பெரும் பகுதிக்கு இவ்வடிநிலத்தின் நீரே பாய்கிறது. ஆகவே அதன் நலத்தில் நமக்கும் பொறுப்புண்டு.

பெற்றோர்களே, விடுமுறையில் ஒருமுறை பிள்ளைகளை முங்கோவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே, அங்கே அந்நிலத்து மக்கள் கூறுவதைச் செவிமடுங்கள். கீழே கிடக்கும் ஓட்டையோ கல்லையோ எடுத்து வராதீர்கள். அது கிடக்கும் இடத்திலேயே கிடந்தால்தான், நாளை வருபவரும் அந்த ஏட்டைப் படிக்க இயலும்.