இருப்புப்பாதை வழியே – 14: ஒரே சீட்டில் காசி யாத்திரை

நெடுந்தூரம் ரயிலில் போகிறவர்கள் செலவைக் குறைக்க வேண்டுமென்று எண்ணத் தொடங்கினால், அவர்களுடைய புத்தி முதலில் வகுப்பின் மேலேயே செல்கிறது. குளிர்சாதன வகுப்பை விட்டுப் படுக்கை வகுப்புக்கு இறங்கிவிடலாமா, அதையும் விட்டு முன்பதிவில்லாத பெட்டியில் இரண்டு இரவுகளை எப்படியாவது கழித்துவிடலாமா என்று யோசிக்கிறார்களே தவிர, அதே வகுப்பில், அதே சௌகரியத்தோடு, ரயில்வேயின் சொந்த விதிகளே இடங்கொடுக்கும் சிக்கன மார்க்கங்கள் உண்டா என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. உடம்பை வருத்தி மிச்சம் பிடிப்பதற்கு முன்னால் விதியை அறிந்து மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். சென்ற வாரம் முன்பதிவின் வகைகளைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் கட்டணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நம் ரயில்வேயின் கட்டண அட்டவணைக்கு அடிப்படையான தத்துவம் ஒன்று உண்டு. பிரயாணத்தின் தூரம் ஏற ஏற, கிலோமீட்டர் ஒன்றுக்கு விழும் வீதம் இறங்கிக்கொண்டே போகும். முதல் நூறு கிலோமீட்டருக்கு நாம் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால், இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு வருகிற நூறு கிலோமீட்டருக்குக் கொடுப்பது சொற்பமே. ஆகையால், 1,500 கிலோமீட்டரை ஒரே டிக்கெட்டில் கடப்பவர் கொடுக்கும் பணமும், அதே வழியில் மூன்று துண்டாக டிக்கெட் வாங்குபவர் கொடுக்கும் பணமும் ஒன்றாக இருப்பதில்லை. துண்டாக வாங்குபவர் ஒவ்வொரு துண்டிலும் வீதத்தின் உச்சியிலிருந்து புதிதாகத் தொடங்குகிறார். முன்பதிவுக் கட்டணமும் துண்டுக்கு ஒரு முறை சேர்ந்துகொள்கிறது. போதாக்குறைக்குக் குறைந்தபட்ச தூரம் என்ற விதி வேறு இருக்கிறது. படுக்கை வகுப்பில் 135 கிலோமீட்டர் போனாலும் 200 கிலோமீட்டருக்கு உரிய கட்டணத்தையும், மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பானால் 300 கிலோமீட்டருக்கு உரியதையும் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள கட்டணம் பொதுவான தூர அட்டவணையைப் பின்பற்றாமல் தடத்துக்குத் தடம் தனித்தனியே நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், ஒரே வண்டியில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகிறவர்கள்கூட நடுவில் ஓர் ஊரை வைத்து டிக்கெட்டைத் துண்டாக்கி லாபம் பார்க்கிறார்கள். நம் நாட்டில் துண்டாக்குவது நஷ்டம். சேர்த்து வாங்குவதுதான் லாபம்.

கையிலிருக்கும் பணம் ஓசையின்றி வெளியேறும் துவாரங்களையும் சொல்லிவிட வேண்டும். சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு அதிவேகக் கட்டணம் தனியாக உண்டு. படுக்கை வகுப்புக்கு 30 ரூபாய், மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்புக்கு 45 ரூபாய். ஐந்து பேர் அடங்கிய குடும்பம் படுக்கை வகுப்பில் போய்வர இதுவே 300 ரூபாய் ஆகிவிடும். வண்டியின் எண் 12 என்றோ 22 என்றோ தொடங்கினால் இந்தக் கட்டணம் உண்டென்று அறிந்துகொள்ளலாம். ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பர் 9 முதல், இடங்கள் நிரம்ப நிரம்ப அடிப்படைக் கட்டணமும் படிப்படியாக ஏறும் முறை வந்தது. சென்னையிலிருந்து டில்லிக்கு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. முதலில் வாங்கியவருக்கும் கடைசியில் வாங்கியவருக்கும் கட்டணம் ஒன்றே. தத்கால் முறையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கை வகுப்பில் ஆளுக்கு 100 முதல் 200 ரூபாய் வரை அது கூடுதலாகக் கேட்கும் என்பதை, அவசரத்துக்கு அதை நாடியவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

தத்காலுக்குப் போவதற்கு முன்னால் யோசிக்கத்தக்க உபாயம் ஒன்று, மேலே சொன்ன தூரத் தத்துவத்திலிருந்தே பிறக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து ஹஜ்ரத் நிஜாமுத்தீனுக்குச் செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் திண்டுக்கல்லிலிருந்து ஏற விரும்புகிறவருக்குக் காத்திருப்புப் பட்டியல்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி புறப்படும் ஊருக்கு ஒதுக்கப்படும் இடங்கள் மிகுதி. வழியிலுள்ள ஊர்களுக்கு ஒதுக்கப்படுபவை சொற்பம். அவர் கன்னியாகுமரியிலிருந்தே டிக்கெட் வாங்கி, ஏறும் ஸ்டேஷன் திண்டுக்கல் என்று குறிப்பிட்டுவிட்டால் நிச்சயமான படுக்கை கிடைக்கக்கூடும். முந்நூறு கிலோமீட்டர் கூடுதலாகிறதே என்று மலைக்க வேண்டியதில்லை. 2,600 கிலோமீட்டருக்கு மேல் வந்து சேரும் முந்நூறு என்பதால், படுக்கை வகுப்பில் அதற்கு விழும் தொகை தத்கால் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஏறும் ஸ்டேஷனை மாற்றிக்கொண்டவர் அதற்கு முந்திய ஸ்டேஷனில் ஏறும் உரிமையை இழந்துவிடுவார் என்பதை மறக்கலாகாது.

இனி, வழியில் இறங்கிப் போகும் உரிமை. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒரே டிக்கெட் வாங்கியவர், புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் கடந்த பிறகு நடுவழியில் ஓர் ஊரில் இறங்கித் தங்கலாம். 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டதானால் இரண்டு ஊர்களில் தங்கலாம். இறங்கும் நாளும் மறுபடி ஏறும் நாளும் நீங்கலாக, ஒவ்வோர் ஊரிலும் இரண்டு நாள் அனுமதி. டில்லிக்குச் செல்லும் சென்னைவாசி, விஜயவாடாவில் இறங்கிக் கனகதுர்க்கையைத் தரிசிக்க இந்த விதி உதவாது. அது 430 கிலோமீட்டர்தான். வாரங்கல்லிலோ நாகபுரியிலோ போபாலிலோ ஆக்ராவிலோ அவர் இறங்கலாம். ராஜதானி, சதாப்தி, ஜன சதாப்தி வண்டிகளுக்கு இது பொருந்தாது. முன்பதிவுச் சாளரத்தில் டிக்கெட் வாங்கும்போதே இன்ன ஊரில் இறங்கி, இன்ன தேதியில் இன்ன வண்டியில் மறுபடி ஏறப்போகிறேன் என்று சொல்லி இரண்டு பகுதிக்கும் இடம் பெற வேண்டும். தங்குவது 24 மணிக்கு மேற்பட்டால் இறங்கிய ஸ்டேஷனில் டிக்கெட்டின்மேல் ஒப்பம் பெற்றுக்கொள்ளவும் வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் சிறந்ததென்று நான் கருதுவது சுற்றுப் பயணச் சீட்டு. புறப்பட்ட ஊருக்கே வேறு வழியாகத் திரும்பி வந்து சேரும் யாத்திரைக்கு ரயில்வே கொடுக்கும் டிக்கெட் அது. வழியில் எட்டு ஊர்கள் வரை இறங்கலாம். அதன் கணக்கைக் கேளுங்கள்: சுற்றின் மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, பாதித் தூரமுள்ள இரண்டு பிரயாணங்களாகப் பாவித்துக் கட்டணம் விதிக்கிறார்கள். முன்பதிவுக் கட்டணம் முதலியவை மட்டும் பகுதி பகுதியாகச் சேரும்.

சென்னையில் வசிக்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மனைவியாருடன் காசிக்குப் போக நிச்சயித்தார். கிழக்குக் கடற்கரை ஓரமாகப் போய், மத்தியப் பிரதேசத்தையும் மகாராஷ்டிரத்தையும் கடந்து திரும்ப வேண்டுமென்பது அவருடைய ஆசை. முன்பதிவுச் சாளரத்தில் இருந்த இளைஞர், “அந்த மாதிரி டிக்கெட் எல்லாம் இப்போ கிடையாது சார், ஊருக்கு ஊர் தனித்தனியா எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். நண்பர் கோபிக்கவில்லை. “இருக்கு தம்பி, நான் விதியைப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். எங்கே மனு கொடுக்கணும்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க” என்றார். உள்ளேயிருந்து வந்த மூத்த உத்தியோகஸ்தர், கோட்ட வணிக மேலாளருக்கு மனுச் செய்யும்படி சொல்லி அனுப்பினார். அன்றிரவே அம்மையார் முழுத்தாள் ஒன்றை எடுத்து, இடப்பக்கம் ஸ்டேஷன்களின் பெயர்களையும் வலப்பக்கம் இறங்கும் தேதி, ஏறும் தேதிகளையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். புவனேசுவரம், ஹௌரா, கயா, காசி, பிரயாகை, ஜபல்பூர், நாசிக், புனே. பிறகு குந்தக்கல், ரேணிகுண்டா வழியாகச் சென்னை. காசிக்கு நேரே ஐந்து நாள், பேடாகாட்டில் நர்மதையைப் பார்ப்பதற்காக ஜபல்பூருக்கு நேரே ஒரு நாள். அந்தத் தாளை நான் பார்த்தேன். ஒரு குடும்பத்தின் பல வருஷத்து விருப்பம் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது.

இந்தச் சுற்று ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் வரும். ஆகவே தலா 2,500 கிலோமீட்டர் கொண்ட இரண்டு பிரயாணங்களின் கட்டணம். இதையே ஒன்பது தனி டிக்கெட்டுகளாக வாங்கினால், காசிக்கும் பிரயாகைக்கும் நடுவிலுள்ள சிறு தூரத்துக்கு 200 கிலோமீட்டர்க் கட்டணம், கயாவிலிருந்து காசிக்கு மறுபடி உச்சி வீதம் என்று, குறுகிய பகுதிகள்தாம் பணத்தை அதிகமாக விழுங்கும். செல்லுபடியாகும் காலமும் தாராளமானது. 400 கிலோமீட்டருக்கு ஒரு நாளாகப் பிரயாணத்துக்கு 13 நாள், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாளாகத் தங்குவதற்கு 25 நாள், ஆக மொத்தம் 38 நாள்.

முதியோருக்கு அளித்துவந்த சலுகை, அறுபது வயதான ஆடவருக்கு 40 சதவிகிதமும் ஐம்பத்தெட்டு வயதான பெண்டிருக்கு 50 சதவிகிதமுமாக இருந்தது, 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. ஓய்வூதியத்தில் காலந்தள்ளுகிறவர்கள் அதனால் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். அந்தச் சலுகை திரும்ப வர வேண்டும் என்றே நான் வேண்டுகிறேன். அது போன பிறகு அவர்களுக்கு எஞ்சியிருக்கும் பெரிய அனுகூலம் இந்தச் சுற்றுச் சீட்டுதான். இணையவழியில் இதை வாங்க இயலாது. சாளரத்துக்குப் போகும் வழக்கமே குறைந்துவரும் காலத்தில், கேட்பார் இல்லாமையால் கொடுப்பாரும் மறந்து, விதிப்புத்தகத்தில் மட்டுமே ஓர் உரிமை உயிர்வாழும் நிலை நேரக்கூடாது. ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் சாளரத்தின் மேலேயே இதைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று ரயில்வேயைக் கேட்டுக்கொள்கிறேன்.

மனுச் செய்ய நினைப்பவர்கள் காலத்தைக் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஐந்து வாரத்துக்கு மேல் நீளும் சுற்றில், கடைசிப் பகுதியின் முன்பதிவு திறக்கும்போது புறப்பாட்டுக்கு ஏறக்குறைய மூன்று வாரமே இருக்கும். ஆகையால் தூரமும் வழியும் அங்கீகாரமாகி டிக்கெட் கைக்கு வந்தபின், சாளரத்துக்கு இரண்டு முறையாவது போய்ப் பகுதி பகுதியாக இடம் பெறுவதற்கு ஆயத்தமாக இருங்கள். கூட்டம் மிகுந்த ஹௌரா, காசிப் பகுதிகளை முதலில் முடித்துவிடுவது நல்லது. ஒரு வண்டி தாமதித்து அடுத்த வண்டி தவறிப்போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை வருகிற வாரம் எழுதுகிறேன்.