பள்ளிக்கு முந்தைய ஆயிரம் நாட்கள்



பிள்ளைக்கு மூன்று வயது தாண்டியதும் எந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ப்பது, கட்டணத்திற்கு என்ன செய்வது என்ற கவலை நம் வீடுகளில் தொடங்கிவிடுகிறது. கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களும் அந்த வயதிலிருந்துதான் ஆரம்பமாகின்றன. ஆனால் படிக்கப் போகிற மூளையின் பெரும்பகுதி அதற்குள் வளர்ந்து முடிந்துவிடுகிறது.

பச்சிளம் குழந்தையின் உச்சிக்குழி மெத்தென்று துடிப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். மூளை வளர இடம் வேண்டும் என்பதற்காகவே மண்டையோட்டின் எலும்புகளை அல்லாஹ் உடனே இணைத்துவிடவில்லை. பிறக்கும்போது ஏறக்குறைய 34 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு ஒரு வயதில் ஏறக்குறைய 46 செ.மீ. ஆகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் கூடுவது சுமார் 10 செ.மீ. மட்டுமே. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. கரு உண்டானது முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள இந்தக் காலத்தைத்தான் மருத்துவர்கள் ‘முதல் ஆயிரம் நாட்கள்’ என்கிறார்கள்.

உடலும் இதே வேகத்தில்தான் வளர்கிறது. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகவும் ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆக வேண்டும். ஆறு மாதத்திற்குப் பிறகு பலருக்கு இது தடைப்படுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தினமும் தூக்கிக் கொஞ்சும் பிள்ளை இரண்டு மாதமாக எடை கூடவில்லை என்பதைத் தராசுதான் சொல்லும்.

இதைத் தமிழ்நாடு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியது. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில், உலக வங்கி உதவியுடன், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை சரியாகக் கூடாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் சத்துணவு கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். அட்டையில் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் தாய்மார்களுக்கே காட்டி, வீட்டில் என்ன ஊட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிகளில் கடுமையான எடைக்குறைவு நன்றாகவே குறைந்தது.

அதே தராசு இன்று நம் தெரு அங்கன்வாடியில் இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் அதை மூன்று வயதுப் பிள்ளைகளை விட்டுவரும் இடமாக மட்டுமே பார்க்கிறோம். 6 மாதம் முதல் சத்துமாவு கொடுப்பதும் அங்கேதான். எடை போட்டால் நஜர் ஆகிவிடும் என்று தயங்குகிறவர்களும் உண்டு. மாஷா அல்லாஹ் சொல்லி, பாதுகாப்பு துஆ ஓதி எடை போடுங்கள். தாய் சேய் நல அட்டையில் புள்ளி பச்சைப் பகுதியில் இருந்தாலும், கோடு படுத்துவிட்டால் காரணம் கேளுங்கள்.

அடுத்தது உணவு. அல்பகரா சூராவின் 233-ம் வசனம் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்றும் அதே வசனம் சொல்கிறது. ஆகவே எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைத் தாய் சாப்பிடும் வழக்கம் நம் வீட்டில் இருக்கக்கூடாது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். ஒரு வயது வரை தேன் நாவில் தடவவும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுக்களுக்கு ஆபத்தானது. கருவில் சேர்த்து வைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். மூளை நரம்புகள் உருவாக அது அவசியம். எனவே ஏழாம் மாதம் முதல் கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு, கீரை, முட்டை கொடுங்கள். கறி சமைக்கும் நாளில் சால்னாத் தண்ணீரை மட்டும் சோற்றில் பிசைந்து ஊட்டுகிறோம். இரும்புச்சத்து தண்ணீரில் அல்ல, கறியிலும் ஈரலிலும் இருக்கிறது. நன்றாக வேகவைத்து மசித்து ஒரு கரண்டி சேருங்கள். டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க விடாமல் டீ தடுக்கிறது.

வயிற்றுக்கு உணவு போல மூளைக்குப் பேச்சு. நம் ஊரில் வீட்டில் உருது, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடமும் தெலுங்கும் கேட்டு வளர்கிறார்கள் பிள்ளைகள். இதனால் குழப்பம் வராது. உங்களுக்கு எந்த மொழி சரளமோ அதில் பேசுங்கள். ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் தந்தை, பிள்ளையை மடியில் வைத்து இருபது நிமிடம் பேசினாலும் அது பெரிய முதலீடு. செல்போன் பதில் பேசாது. ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது.

நான்கு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். “அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்” என்று நானிமா ஆறுதல் சொல்லலாம். ஆனால் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த ஆறுதல் மாதங்களை வீணாக்கும். 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. பரிசோதனையும் மேல்சிகிச்சையும் இலவசம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இந்த மாதமே எடை போட்டுவிடுங்கள். அட்டையைப் படிக்கத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்திற்குக் கொண்டுவாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பார்த்து விளக்கிச் சொல்கிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்