கர்ப்பிணியும் காசநோயும்: ஆய்வுகள் போன வழி

கர்ப்ப காலக் காசநோயைப் பற்றிய மருத்துவ எழுத்து, முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சுமந்து வந்தது. கரு வளர வளர வயிறு மேலெழும்பி நுரையீரலை அமுக்கும். அதனால் புண் ஆறும் என்று 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய மருத்துவர் சிலர் கருதினர். கர்ப்பிணிகளிடம் நோய் முற்றுவதை 1850-இல் பிரெஞ்சு மருத்துவர் கிரிசோல் எடுத்துக்காட்டினார். பிறகு எதிர்த்திசையில் ஓடிய மருத்துவம், கருக்கலைப்பையே பரிந்துரைத்தது. 1940-களின் பிற்பகுதியில் மருந்துகள் வந்த பின்பே அந்த வாதம் அடங்கியது.

மருந்துகளைச் சோதிப்பதில் தமிழகத்துக்குப் பெரிய இடம் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடையலாம் என்று 1959-இல் காட்டியது. தஞ்சைக்கு மேற்கே செங்கிப்பட்டியில் இருப்பது போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டிய கட்டாயம் அதன்பின் தளர்ந்தது. ஆனால் கருவுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சத்தால், உலகெங்கும் மருந்துச் சோதனைகளில் கர்ப்பிணிகள் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. அவர்களைப் பற்றிய அறிவு மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்தே திரண்டது.

இந்தியாவில் அவ்வகை ஆய்வுகள் பெருநகர நிறுவனங்களிலிருந்து வந்தன. நுரையீரலுக்கு வெளியே காசநோய் கண்ட 33 கர்ப்பிணிகளைப் பற்றிய சண்டிகர் ஆய்வு 1999-இல் வெளியானது. நிணநீர்க் கட்டியோடு நின்ற நோய் பிரசவத்தைப் பாதிக்கவில்லை. குடல், எலும்பு போன்றவற்றைத் தாக்கியபோது எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறந்தன. எச்.ஐ.வி. பரவிய பின் ஆய்வுகளின் கவனம் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களுக்கு நகர்ந்தது. 2007-இல் வெளியான புணே ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள 715 தாய்மாரில் 24 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் காசநோய் கண்டது. தாய்க்கு நோய் வந்தால் குழந்தை இறக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடியது. பிரசவத்துக்குப் பின் நோய் கண்டறியப்படும் விகிதம் ஏறக்குறைய இரு மடங்காவதை 2012-இல் ஒரு பிரிட்டன் ஆய்வும் உறுதிசெய்தது.

2011-இல் உலகில் 2,16,500 கர்ப்பிணிகளுக்குக் காசநோய் இருந்திருக்கும் என்று 2014-இல் வெளியான கணக்கு சொல்கிறது. அதுவும் மதிப்பீடுதான், தலையெண்ணிக் கண்டதல்ல.

காவிரிப் படுகையில் இந்தச் சிக்கலுக்கு இரண்டு முகங்கள். முதலாவது, நோய் மறைந்துகொள்வது. சோர்வையும் பசியின்மையையும் மசக்கை என்று தள்ளிவிடுவார்கள்; கரு வளர்வதால் தாயின் எடை இழப்பு அட்டையில் தெரியாது. இரண்டாவது, தாய் இடம் மாறுவது. மன்னார்குடியில் வாக்கப்பட்டவர் தலைப்பிரசவத்துக்குப் பாபநாசத்துத் தாய்வீட்டுக்கு வருகிறார். ஆபத்து கூடும் அந்த மாதங்களில் அவர் திருவாரூர் மாவட்டத்தை விட்டுத் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறார்.

இருமல், காய்ச்சல், எடை கூடாமை, இரவு வியர்வை ஆகிய நான்கையும் கர்ப்பிணியிடம் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கேட்டாக வேண்டும். இரு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை அவசியம்; வயிற்றை ஈயக் கவசத்தால் மறைத்து எக்ஸ்ரேயும் எடுக்கலாம். வழக்கமான முதல்நிலை மாத்திரைகளைக் கர்ப்பிணி சாப்பிடலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். கருவின் செவியைக் கெடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கூடாது.

கர்ப்பிணிகளின் பதிவும் காசநோயாளிகளின் பதிவும் அரசிடம் தனித்தனியே இருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரை இரண்டையும் மாவட்ட எல்லை தாண்டிப் பொருத்திப் பார்த்தால், பெருநகர ஆய்வுகள் விட்ட இடத்தைப் படுகை மாவட்டங்களே நிரப்ப முடியும்.

(தொடரும்)