வெறுங்காலில் தொடங்கித் தங்கம் வென்றார்கள்!

சென்னை கோட்டூர்புரத்தில் மாலை நேரத்தில் பந்து உதைக்கும் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். மெஸ்ஸி, ரொனால்டோ என்று வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களை அடுக்குவார்கள். ராமன் யார், தங்கராஜ் யார் என்று கேட்டால் திருதிரு என்று விழிப்பார்கள்.

அது அவர்கள் குற்றம் அல்ல. பெரியவர்கள் நாம்தான் சொல்லத் தவறினோம். இதோ, அந்தக் கதை.

லண்டனில் முதல் கோல்

இந்தியா சுதந்திரம் அடைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1948ம் ஆண்டு ஜூலை 31ந் தேதி, லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் நமது கால்பந்து குழு பிரான்சை எதிர்த்து ஆடியது. குழுவின் தலைவர், பின்னாளில் டாக்டரான நாகர் தாலிமெரன் ஆவ்.

நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்சு இல்லை. வெறுங்காலோடு ஆடினார்கள்!

பிரான்சு முதலில் கோல் போட்டது. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டு, ஆட்டத்தைச் சமம் ஆக்கினார். ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் கோல் அதுதான். ஆனால், கிடைத்த 2 பெனால்டிகளையும் நம்மவர்கள் கோட்டை விட்டார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொரு கோல் போட்டு 2–1 என்று ஜெயித்தது.

போகாத பயணம்

1950ல் பிரேசிலில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. தகுதிச்சுற்றில் மற்ற நாடுகள் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் நாம் போகவில்லை.

"வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் போகவில்லை" என்று ஒரு கதை உண்டு. உண்மைக் காரணம் வேறு. கப்பலில் நெடுந்தூரப் பயணம். பயிற்சிக்கு நேரம் போதவில்லை. ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு முக்கியம் இல்லை என்று அன்றைய நிர்வாகிகள் எண்ணினார்கள்.

அன்று நழுவவிட்ட வாய்ப்பு மறுபடி வரவே இல்லை. இந்திய ஆண்கள் குழு இதுவரை உலகக் கோப்பையில் ஆடியதில்லை.

ரஹீம் வாத்தியார்

ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் சையத் அப்துல் ரஹீம். இந்தியக் குழுவுக்குப் பயிற்சி அளித்தவர் அவர்தான். 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை 1–0 என்று வென்று, நமது குழு தங்கப் பதக்கம் பெற்றது.

மறு வருடமே பெரிய அடி! ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10–1 என்று நம்மைத் தோற்கடித்தது. அதன் பிறகுதான் பூட்சு கட்டாயம் ஆயிற்று.

1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என்று வென்றோம். நெவில் டிசூசா 3 கோல் போட்டார். மற்றொன்று, 'கிட்டு' கிருஷ்ணசாமி போட்டது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 4வது இடம்!

காய்ச்சலோடு நின்ற தங்கராஜ்

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டம். எதிரில் தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை 2–0 என்று தோற்கடித்த அதே குழு!

அரங்கம் நிறைய ஜனம். அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் வந்த கோபம் அது. அந்தக் கூட்டத்தில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் நமக்காகக் கைதட்டினார்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஜர்னைல் சிங் தலையில் தையலோடு இறங்கினார். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். மதராஸ் ரெஜிமெண்டு குழுவில் ஆடி வளர்ந்த ராணுவ வீரர். அன்று அவருக்குக் காய்ச்சல்!

பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். கொரியா ஒன்றே ஒன்று போட்டது. தங்கம் நமக்கு!

பிறகு என்ன ஆயிற்று?

மறு வருடம் ரஹீம் புற்றுநோயால் காலமானார். உலகமெங்கும் 90 நிமிட ஆட்டம். இங்கேயோ அந்நாளில் உள்நாட்டுப் பந்தயங்கள் 70 நிமிடம்தான். மற்ற நாடுகள் முன்னேறின. 1970ல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. ஒலிம்பிக் கால்பந்தில் 1960க்குப் பிறகு நாம் ஆடவே இல்லை.

வெறுங்காலோடு லண்டனில் ஆடியவர்கள், 14 வருடத்தில் ஆசியாவின் தங்கத்தை வென்றார்கள். உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, ராமன், தங்கராஜ் என்ற இரண்டு பெயர்களையும் சொல்லி அனுப்புங்கள்.